இன்னும் சாப்பிட்டு முடியவில்லை

1

வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒரு ஒழுங்கையில், ஐந்தாம் மாடியில், அண்ணா வீட்டுப் பல்கனியில் இருந்து இதை எழுதுகிறேன். பல்கனிக்குக் கம்பி அடித்திருக்கிறார்கள். ஐந்தாம் மாடிக்கு எந்தக் கள்ளன் ஏறி வரப்போகிறான் என்று அண்ணியிடம் கேட்டேன். "கள்ளன் வராட்டிலும் காகம் வரும்" என்றார். கம்பிக்கு அந்தப் பக்கம் வீதி, அதற்கப்பால் ரயில் தண்டவாளம், பிறகு கடல். தெஹிவளைப் பக்கம் போகும் ரயிலில் வாசலில் தொங்கிக்கொண்டு போகிறவர்களைப் பார்க்கப் பொறாமையாக இருக்கிறது. அவர்கள் எங்கேயோ போகிறார்கள்.

எனக்குப் பாரிசுக்குத் திரும்பும் பயணம் அடுத்த கிழமைதான். முந்திப் போகலாமா என்று பெரிய தெருவான காலி வீதியில் டிக்கெட் போடும் கடையில் விசாரித்தேன். அங்கே இருந்த பிள்ளை கம்பியூட்டரைப் பார்த்துவிட்டு, "அன்ரி, ஓகஸ்ட் மாசம் இது. ஒரு ப்ளைட்டிலயும் இடமில்ல. உங்கட டிக்கெட் மாத்திற டிக்கெட்டும் இல்ல" என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். ஆகவே இருக்கிறேன். சனிக்கிழமையில் இருந்து அண்ணா என்னோடு கதைப்பதில்லை. அவருக்கும் சேர்த்து அண்ணி கதைக்கிறார். என் மகள் ஆரபி காதில் இரண்டு வெள்ளைப் பொத்தான்களைச் செருகிக்கொண்டு அறைக்குள் கிடக்கிறாள்.

வெளிநாட்டில் இருந்து எழுதுகிறவர்கள் வழக்கமாகப் பனியில் தொடங்குவார்கள். பனியைப் பற்றி நீங்கள் போதுமான அளவு வாசித்திருப்பீர்கள். நான் ஒரு சாப்பாட்டைப் பற்றி எழுதுகிறேன். அது பிரெஞ்சுச் சாப்பாடு. சாப்பிட்டது கொழும்பில்.

2

என் பெயர் வசந்தி. வெள்ளவத்தையில் வளர்ந்து, இங்கேயே படித்து, கொழும்புக் கோட்டையில் ஒரு கப்பல் கம்பனிக் கந்தோரில் வேலை செய்துகொண்டிருந்தவள். கலியாணம் முடித்துப் பிரான்சுக்குப் போய்க் கால் நூற்றாண்டுக்கு மேலாகிவிட்டது. அங்கே வசந்தியை யாருக்கும் தெரியாது. நமக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று இல்லை என்பதைப் பிரெஞ்சுக் கந்தோர்களுக்கு விளங்கப்படுத்தவே முடியாது. கட்டத்தை வெறுமையாக விடக்கூடாது என்றார்கள். அப்பாவின் பெயரைப் போட்டேன். அன்றிலிருந்து நான் மதாம் செல்லத்துரை. ஆஸ்பத்திரியில் அந்தப் பெயரை உரத்துக் கூப்பிடும்போது, செத்துப்போன அப்பா எங்கேயாவது இருந்து எழும்பி வருகிறாரோ என்று முதல் சில வருடங்கள் திரும்பிப் பார்த்திருக்கிறேன்.

பாரிசுக்கு வடக்கே ஒரு புறநகரில் குடியிருக்கிறோம். அங்கேயுள்ள வயோதிபர் இல்லத்தின் சாப்பாட்டு மண்டபத்தில் எனக்கு வேலை. மேசை போட வேண்டும், பரிமாற வேண்டும், எடுக்க வேண்டும். சேர்ந்த புதிதில் ஒரு கிழவர் என்னை நாய் பேச்சுப் பேசினார். மனுசன் கத்தியையும் முள்ளுக்கரண்டியையும் பீங்கானின் இரண்டு பக்கமும் விரித்து வைத்துவிட்டு மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். சாப்பிட்டு முடிந்தது என்று நினைத்துப் பீங்கானை எடுத்துவிட்டேன். மேற்பார்வை செய்யும் பெண் என்னைக் குசினிக்குள் கூட்டிக்கொண்டு போய்ச் சொல்லித் தந்தாள். விரித்து வைத்தால் இன்னும் சாப்பிடுகிறார். சேர்த்து வைத்தால் முடித்துவிட்டார். மேசையில் இருக்கும் எல்லோரும் சேர்த்து வைக்கும் மட்டும் அடுத்த சாப்பாடு வரக்கூடாது. ஒருவர் முடிக்காவிட்டாலும் மற்ற எல்லோரும் காத்திருக்க வேண்டியதுதான். இதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

என் கணவருக்கு ஒரு உணவகத்தில் சமையல் வேலை. அவர் வீட்டுக்கு வரும்போது நான் நித்திரை. நான் வேலைக்கு வெளிக்கிடும்போது அவர் நித்திரை. குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டிவைக்கும் துண்டுகளில்தான் பாதிக் குடும்பம் நடந்தது. இந்தப் பயணத்துக்கும் அவருக்கு லீவு கிடைக்கவில்லை. அவர் கெட்டவர் இல்லை. அதுதான் சிக்கல். கெட்டவராக இருந்திருந்தால் யாரிடமாவது சொல்லி அழுதிருக்கலாம்.

ஆரபி அங்கேயே பிறந்தவள். மருந்துக்கடையில் வேலை செய்கிறாள், சொந்தக் காலில் நிற்கிறாள். பத்துப் பன்னிரண்டு வயது மட்டும் தமிழில் வாய் ஓயாமல் கதைத்தவள், பிறகு ஒருநாள் நிறுத்திவிட்டாள். நான் தமிழில் கேட்பேன், அவள் பிரெஞ்சில் பதில் சொல்வாள். மிச்சமிருக்கும் தமிழும் நாங்கள் அவளோடு கதைத்த தமிழ்தான். நாங்கள் அவளை 'நீ' என்றோம். அவளும் உலகத்தில் எல்லோரையும் 'நீ' என்கிறாள்.

3

அப்பா போன பிறகு என்னை ஆளாக்கியது அண்ணா. அவருக்கு மீசை அரும்பிய வயதிலேயே வீட்டுப் பாரம் முழுக்க அவர் தலையில் விழுந்தது. எனக்கு நீல நிறச் சப்பாத்து வேண்டும் என்று அழுததற்காகப் புறக்கோட்டையில் கடை கடையாக அலைந்தவர். என்னைப் பிரான்சுக்குக் கட்டிக் கொடுத்தவரும் அவர்தான்.

அந்த யுத்த காலம் உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். சந்திக்குச் சந்தி சோதனை. வெள்ளவத்தையில் வயதுக்கு வந்த பிள்ளைகள் இருந்த வீடுகளில் கதவு தட்டும் சத்தம் கேட்டால் சோறு இறங்காது. பிரான்சில் இருந்து ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை வரவில்லை. அவருடைய அக்கா படத்தோடு வந்தார். நான் தேத்தண்ணித் தட்டத்தைக் கொண்டுபோய் வைத்தேன். அவர் குடித்தார். கோப்பையைக் கீழே வைத்தபோது எல்லாம் முடிந்திருந்தது. கந்தோரில் எனக்குப் பதவி உயர்வு கிடைக்கவிருந்தது. கொழும்பை விட்டுப் போக எனக்குத் துளியும் விருப்பமில்லை. ஒருவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அண்ணாவைக் குறை சொல்ல முடியாது. பயந்தார், அனுப்பினார். ஆனால் இத்தனை வருடத்தில் அவர் அதைப் பற்றி வாய் திறந்ததே இல்லை. மன்னிப்பெல்லாம் நான் கேட்கவில்லை. உன்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், அது என் பிழை என்று ஒருதரம் சொன்னால் போதும் என்று இருந்தது. ஒவ்வொரு முறை வரும்போதும் இந்த முறை சொல்வார் என்று நினைப்பேன். விமான நிலையத்தில் பெட்டியைத் தூக்கி வைத்துவிட்டு, "போய்ச் சேர்ந்து கோல் எடு" என்பார். அவ்வளவுதான்.

இந்த முறை வந்து இறங்கின அடுத்தநாள் அண்ணா மெல்லத் தொடங்கினார்.

"ஆரபிக்கு ஒரு இடம் வந்திருக்கு வசந்தி. என்னோட வேலை செய்தவற்ற மகன், நிரூபன். கொட்டாஞ்சேனையில வீடு. ஹாபரில எஞ்சினியர். சாதகமும் பொருந்துது."

"அவள் இதுக்கெல்லாம் சரிவர மாட்டாள் அண்ணா."

"ஆர் இப்ப கட்டச் சொன்னது? ஒரு சாப்பாடுதானே. ரெண்டு குடும்பமும் சும்மா சாப்பிடப் போன மாதிரி. பிள்ளைக்குச் சொல்லாத. பிடிச்சாப் பிடிக்கட்டும்."

ஆரபியிடம் சொன்னால் வரமாட்டாள். அவள் வராவிட்டால் அண்ணா தன் கூட்டாளி முன்னால் தலைகுனிய வேண்டும். எனக்குத் தாய் வீடு என்று இருப்பது இந்த ஐந்தாம் மாடி ஒன்றுதான். அதை இழந்தால் நான் இந்த ஊருக்கு எந்த முகத்தோடு வருவேன்? சொல்லாமல் கூட்டிக்கொண்டு போனால் மகள் என்னை நம்பமாட்டாள். அவள் ஏற்கெனவே பாதி தூரம் போய்விட்டவள். யோசித்துப் பார்த்துவிட்டு, "சரி அண்ணா" என்றேன். எனக்குத் தெரிந்த ஒரே பதில் அதுதான்.

4

முந்தியென்றால் பெண் பார்ப்பது கோயிலில். அங்கே பார்த்தால் ஊருக்கே தெரிந்துவிடும் என்று இப்போது எல்லோரும் உணவகத்தில் பார்க்கிறார்கள். ஒரு ஐஸ்கிறீமோடு காரியம் முடிந்துவிடும், பிடிக்காவிட்டால் எழும்பிப் போய்விடலாம். அண்ணா அதைச் செய்திருக்கலாம். அவரோ, ஆரபிக்குப் பழக்கமான இடமாக இருக்கட்டும் என்று, பம்பலப்பிட்டிக்கு அங்கால் ஒரு பழைய வீட்டில் ஒரு வெள்ளைக்காரன் நடத்தும் பிரெஞ்சு பிஸ்ட்ரோவில் மேசை பதிவு செய்தார். நல்லூர்க் கந்தசாமி கோயிலில் கொடி ஏறி இரண்டு வீட்டாரும் சைவமாக இருக்கும் நாளில் செய்தார். "அங்கையும் மரக்கறி இருக்கும்தானே" என்றார்.

பிஸ்ட்ரோ என்றால் பெரிய இடம் இல்லை. கட்டம் போட்ட மேசை விரிப்பு, அன்றைய சாப்பாட்டை எழுதிவைத்த கரும்பலகை, நெருக்கிப் போட்ட கதிரைகள். பிரான்சில் இத்தனை வருடம் இருந்தும் நான் அப்படி ஒரு இடத்தில் உட்கார்ந்து சாப்பிட்டதில்லை. கண்ணாடிக்கு வெளியே நின்று பஸ்ஸுக்குக் காத்திருந்திருக்கிறேன். உள்ளே இருப்பவர்கள் மத்தியானம் உட்கார்ந்தால் பொழுது சாயும் மட்டும் இருப்பார்கள். அங்கே சாப்பாடு என்பது பசிக்கு இல்லை, கதைப்பதற்கு. முதலில் ஒன்று வரும், பிறகு ஒன்று, பிறகு இனிப்பு, பிறகு கோப்பி. இடையில் எழும்பினால் மரியாதை இல்லை. பில்லைக்கூட நாமாகக் கேட்டால்தான் தருவார்கள்.

எங்களுக்கு முன்னமே நிரூபன் வீட்டார் வந்திருந்தார்கள். நிரூபனின் அம்மா காஞ்சிபுரம் கட்டியிருந்தார். மத்தியான வெயிலில், சாப்பாட்டுக் கடையில், காஞ்சிபுரம். ஆரபி அந்தச் சேலையைப் பார்த்தாள், அயர்ன் மடிப்புக் கலையாத நிரூபனின் சேர்ட்டைப் பார்த்தாள், காலையில் நான் வற்புறுத்திப் போடவைத்த தன் சுடிதாரைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"அம்மா, இது என்ன?" என்று பிரெஞ்சில் கேட்டாள்.

"ஒரு சாப்பாடு மட்டும். மாமாவுக்காக" என்று நானும் பிரெஞ்சில் சொன்னேன்.

அவள் சிரித்த முகத்தோடு இருந்தாள், என் பக்கம் திரும்பவே இல்லை. என்னைச் சுவர்ப் பக்கமாக இருத்தியிருந்தார்கள். ஒரு பக்கம் சுவர், மற்றப் பக்கம் மகள், முன்னால் நிரூபனின் அம்மா. மேசையைத் தள்ளாமல் வெளியே வர வழியில்லை.

5

அண்ணா கரும்பலகையைப் படித்து எல்லோருக்கும் வெங்காய சூப் சொன்னார். "வெங்காயம்தானே, சைவம்" என்றார். நான் வாய் திறக்கு முன் சூப் வந்துவிட்டது. நிரூபனின் அம்மா கரண்டியைத் தூக்கினார்.

"அக்கா, கொஞ்சம் பொறுங்கோ" என்றேன். "அதை வழமையா மாட்டெலும்பு அவிச்ச தண்ணியிலதான் செய்யிறவை."

கரண்டி அப்படியே நின்றது. அண்ணாவின் முகம் போன போக்கைச் சொல்ல ஏலாது. பரிமாறுகிறவரைக் கூப்பிட்டு விசாரிக்க, அவர் உள்ளே போய் முதலாளியையே கூட்டிக்கொண்டு வந்தார். வெள்ளைக்காரன் ஆங்கிலத்தில் தடுமாற, ஆரபி பிரெஞ்சில் தொடங்கினாள். மனுசனுக்கு முகம் மலர்ந்துவிட்டது. மாட்டெலும்புதான் என்று ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். சூப் எல்லாம் திரும்பிப் போனது. முதலில் இருந்து தொடங்கி, மரக்கறியில் தானே பார்த்துச் செய்து தருகிறேன் என்றார்.

"கத்தரிக்காய், தக்காளி, எண்ணெய். வேற ஒண்டும் இல்லையாம். சத்தியமாம்" என்று ஆரபி தமிழில் சொல்லிவிட்டு, அண்ணாவைப் பார்த்து, "மாமா, நீ பயப்பிடாத" என்றாள்.

வெள்ளைக்காரனோடு அவ்வளவு மரியாதையாகக் கதைத்த பிள்ளை, தாய்மாமனை எல்லோருக்கும் முன்னால் 'நீ' என்கிறாள். நிரூபனின் அப்பாதான் காப்பாற்றினார். "பிள்ளை பிரெஞ்சு நல்லாக் கதைக்குது" என்றார். அங்கே பிறந்த பிள்ளை வேறு என்ன செய்யும்?

அதன் பிறகு அவர் என் பக்கம் திரும்பினார். மகன் அங்கே போனால் விசா எப்படி, வதிவிடக் கார்ட் எப்போது கிடைக்கும், இங்கத்தைப் படிப்பை ஏற்றுக்கொள்வார்களா?

"அங்கை எப்பவும் ஒரு பேப்பர் குறையும்" என்றேன். "எந்தப் பேப்பர் எண்டு, விடிய வெள்ளன வரிசையில நிண்டு உள்ளுக்குப் போன பிறகுதான் சொல்லுவினம். அதைக் கொண்டு போனா, முந்திக் குடுத்த பேப்பர் காலாவதியாகியிருக்கும்."

நான் பகிடியாகச் சொல்லவில்லை. அவர் பகிடியென்று நினைத்துச் சிரித்தார். "அதெல்லாம் பிரச்சினையில்ல, பொறுமையா இருக்கலாம்" என்றார். பொறுமையாக இருக்கப்போகிறவர் அவர் இல்லைத்தானே.

6

கத்தரிக்காய்க் கறி வந்தது. நிரூபனின் அம்மாவுக்குச் சூப்பில் கண்ட பயம் போகவில்லை. ஒரு துண்டைக் குத்தினார், மணந்து பார்த்தார், திரும்ப வைத்தார். பசியில்லை என்றார். முள்ளுக்கரண்டி பீங்கானின் ஒரு பக்கம் சாய்ந்து கிடந்தது, கத்தி மற்றப் பக்கம். மூலையில் நின்ற பரிமாறுகிறவர் அதைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றார். நன்றாகப் பழக்கியிருந்தார்கள் அவரை. விரித்து வைத்தால் இன்னும் சாப்பிடுகிறார்.

மற்ற எல்லோரும் முடித்துவிட்டார்கள். ஒன்றும் வரவில்லை. இதுதான் பிரெஞ்சுப் பழக்கமாக்கும் என்று பெரியவர்கள் பேசாமல் இருந்தார்கள். அண்ணாவும் நிரூபனின் அப்பாவும் பழைய கந்தோர்க் கதைகளைத் தோண்டி எடுத்தார்கள். அண்ணியும் நிரூபனின் அம்மாவும் வேட்டைத் திருவிழாவுக்கு யாழ்ப்பாணம் போவதைப் பற்றிக் கதைத்தார்கள். காரணம் எனக்கு மட்டும் தெரிந்திருந்தது. "அக்கா, அதைச் சேர்த்து வையுங்கோ" என்று ஒரு வார்த்தை சொன்னால், இனிப்பு வந்து, கோப்பி வந்து, நான் அந்தச் சுவரில் இருந்து விடுபட்டிருப்பேன். சொல்லத்தான் வாயெடுத்தேன்.

அப்போதுதான் நிரூபன் ஆரபியிடம் மெதுவாகக் கேட்டான்.

"நீங்க இதுக்கெண்டுதான் வந்தனீங்களோ?"

"இல்ல. எனக்கு ஒருத்தரும் சொல்லேல்ல."

"எனக்கும் காலமைதான் சொன்னவை."

இரண்டு பேரும் சிரித்தார்கள். சனியன் பிடித்த அந்த மத்தியானத்தில் நான் கேட்ட முதல் உண்மையான சிரிப்பு. நான் வாயை மூடிக்கொண்டேன்.

தமிழும் ஆங்கிலமுமாகக் கதை வளர்ந்தது. அவன் ஹாபரில் கிரேன்கள் திருத்தும் பிரிவில் இருக்கிறான். உச்சியில் ஏறினால் கொச்சிக்கடைக் கோயிலும் முழுத் துறைமுகமும் காலுக்குக் கீழே தெரியும் என்றான். அதைச் சொல்லும்போது அவன் முகத்தைப் பார்க்க வேண்டும். ஆரபி மருந்துக்கடையில் வரும் கிழவிகளைப் பற்றிச் சொன்னாள். மகள் இவ்வளவு நேரம் ஒருவரோடு கதைத்து நான் பார்த்ததில்லை. பிறகு அவன் குரலைத் தாழ்த்தினான். எனக்கும் கேட்கும் என்று தெரியும், ஆனாலும் நிறுத்தவில்லை.

"என்னோட படிச்ச எல்லாரும் போயிட்டினம். பாஸ்போர்ட் கியூவில நிண்டு ஒருத்தருக்குப் பின்னால ஒருத்தரா. வட்சப் குரூப்பில இஞ்சத்த நேரத்துக்குக் குட்மோர்னிங் போடுறது நான் மட்டும்தான். எனக்குப் போக விருப்பமில்ல."

"அப்ப நீ வீட்டில சொல்லன்."

"சொன்னா ஆரோ செய்வினை செய்துபோட்டினம் எண்டு அம்மா நூல் கட்டிவிடுவா. இப்ப போக மாட்டன் எண்டு சொல்லுறவன் விசரன். நான் உங்களை வேண்டாமெண்டு சொன்னா, அடுத்தது லண்டன், அதுக்கடுத்தது கனடா எண்டு பார்ப்பினம். நீங்க வேண்டாமெண்டு சொல்லுவீங்களா? அப்ப வெளிநாட்டுப் பிள்ளையள் இப்பிடித்தான் எண்டு கொஞ்சநாள் என்னை விட்டிடுவினம்."

போக விருப்பமில்லை. இரண்டே சொல். தேத்தண்ணித் தட்டத்தோடு நின்ற அன்று என் தொண்டையில் இருந்து வெளியே வராத இரண்டு சொல். இந்தப் பெடியன் சத்தம் வராமல், ஒரு அந்நியப் பிள்ளையிடமாவது சொல்லிவிட்டான். எனக்கு அவனில் கோபம் வரவில்லை. அழுகை வந்தது. சுவர்ப் பக்கம் திரும்பித் தண்ணீர் குடித்தேன்.

திரும்பும்போது நிரூபனின் அம்மா கைதுடைக்கும் துணியை மடித்துப் பீங்கானில் வைத்துக்கொண்டிருந்தார். அவருடைய கை பட்டு முள்ளுக்கரண்டி கத்தியின் பக்கம் சரிந்தது. மூலையில் நின்றவர் ஒரு அடி முன்னால் வைத்தார். ஆரபியும் நிரூபனும் இன்னும் கதைத்து முடிக்கவில்லை.

நான் என் கத்தியையும் முள்ளுக்கரண்டியையும் எடுத்து, வழித்துத் துடைத்து ஒன்றுமில்லாமல் கிடந்த என் பீங்கானின் இரண்டு பக்கமும் விரித்து வைத்தேன். அவர் திரும்பப் போய் நின்றுகொண்டார்.

7

கடைசியில் நிரூபனின் அப்பாவுக்குத்தான் பொறுமை போனது. தம்பி என்கிற மாதிரி "மல்லி" என்று பரிமாறுகிறவரைக் கூப்பிட்டு, ஏன் இவ்வளவு சுணக்கம் என்று சிங்களத்தில் கேட்டார்.

"நோனா தவம கனவானே, சேர்" என்றார் அவர், கையால் என்னைக் காட்டி. அம்மா இன்னும் சாப்பிடுகிறாரே என்று.

முழு மேசையும் என் பீங்கானைப் பார்த்தது. அதில் தின்ன ஒன்றுமில்லை. அண்ணி, "இவளுக்கு எப்பவும் ஆறுதலாத்தான்" என்று சமாளித்தார். ஆரபி சிரிக்கவில்லை. அவள் அந்த மேசைப் பழக்கத்திலேயே வளர்ந்தவள். என் பீங்கானைப் பார்த்தாள், மூலையில் நின்றவரைப் பார்த்தாள், பிறகு என்னை வெகு நேரம் பார்த்தாள். நான் கத்தியையும் முள்ளுக்கரண்டியையும் சேர்த்து வைத்தேன். இனிப்பு வந்தது.

திரும்பும்போது அண்ணாவும் அண்ணியும் அவர்களுடைய காரில் போக, நாங்கள் இரண்டு பேரும் ஆட்டோவில் வந்தோம். காலி வீதியில் ஆட்டோ ஊர்ந்துகொண்டிருந்தது.

"உன்ர பீங்கானில ஒண்டும் இருக்கேல்ல" என்றாள் ஆரபி. தமிழில்தான் சொன்னாள்.

"ஓம்."

"என்னை ஏமாத்திக் கூட்டிக்கொண்டு வந்தது பிழை அம்மா."

"ஓம். பிழைதான்."

"நான் வேண்டாமெண்டு சொல்லப்போறன். ஏன் எண்டு மாமாட்ட நீ சொல்லக் கூடாது. நான் நிரூபனுக்கு வாக்குக் குடுத்திட்டன்" என்றாள்.

"சொல்ல மாட்டன்."

"உனக்கு எவ்வளவு நேரம் தந்தவை, அப்பாவைக் கட்ட?"

"ஒரு தேத்தண்ணி குடிச்சு முடியிற நேரம்" என்றேன். "அதுவும் குடிச்சது நான் இல்ல."

வெள்ளவத்தைச் சந்தை வரும் மட்டும் அவள் கை என் மடியில் கிடந்தது.

8

அன்று பின்னேரமே கொட்டாஞ்சேனையில் இருந்து கோல் வந்தது. அவர்களுக்குப் பிடித்துவிட்டதாம். நல்ல நாள் பார்ப்போமா என்று கேட்டார்களாம். அண்ணா பாக்குவெட்டியை வைத்துவிட்டு எழும்பி வந்து, என் தலையில் கை வைத்து அதைச் சொன்னார். இத்தனை வருடத்தில் அவர் என்னோடு அவ்வளவு சந்தோசமாகக் கதைத்தது அன்றுதான்.

"ஆரபிக்கு விருப்பமில்ல அண்ணா."

"ஏனாம்?"

"விருப்பமில்லையாம்."

"அவ்வளவு நேரம் சிரிச்சுச் சிரிச்சுக் கதைச்சவள்! அந்தப் பெடியனில என்ன குறை?"

"ஒரு குறையும் இல்ல."

"அப்ப?"

உண்மை நாக்கு நுனியில் நின்றது. உங்கள் கூட்டாளியின் மகனுக்குத்தான் விருப்பமில்லை என்று ஒரு வசனம். சொன்னால் அண்ணா எனக்குத் திரும்பக் கிடைப்பார், பழி முழுக்க அந்தப் பெடியனின் தலையில் போய் விழும். மகளுக்குக் கொடுத்த வாக்கும் போகும். நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அண்ணா என் தலையில் வைத்திருந்த கையை எடுத்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு அவர் கதைக்கவில்லை.

காலையில் கடற்கரைப் பக்கம் நடக்கப் போகும்போது முந்தி என்னையும் கூப்பிடுவார். இப்போது தனியாகப் போகிறார். நான் இந்தக் கம்பிக்குள் இருந்து அவர் தலை தெரியும் மட்டும் பார்த்துக்கொண்டிருப்பேன். அங்கே மேசை துடைக்கும் வேலை, இங்கே பேசாமல் இருக்கும் வேலை. எந்தப் பக்கம் போனாலும் ஒரு சுவர்ப் பக்கக் கதிரைதான் எனக்கு மிஞ்சியிருக்கிறது.

இதுவரை எழுதி வைத்திருந்தபோது, சற்று முன் அண்ணா பல்கனிக்கு வந்தார். வந்து மற்றக் கதிரையில் இருந்தார். அண்ணி இரண்டு பேருக்கும் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். ஒரு ரயில் போய் முடிந்தது. பிறகு கடலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"உன்னை அங்க அனுப்பினது என்ர பிழை, வசந்தி. உன்னட்ட ஒரு வார்த்தை கேட்காமல் அனுப்பினன். இஞ்ச இருந்திருந்தா இந்தப் பிள்ளை இப்பிடி வளர்ந்திருக்காது."

கால் நூற்றாண்டாக நான் காத்திருந்த வார்த்தை. விமான நிலையங்களில், தொலைபேசியில், ஒவ்வொரு புதுவருடத்திலும் வருமா என்று பார்த்த அதே வார்த்தை. கடைசியில் வந்துவிட்டது, என் மகளைக் குறை சொல்ல வந்த இடத்தில். எனக்காக அவர் சொல்லவில்லை. இனிமேல் சொல்லவும் மாட்டார்.

"ஓம் அண்ணா" என்றேன்.

அவர் தன் தேத்தண்ணியைக் குடித்து முடித்துக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு எழும்பிப் போனார். நான் என் கோப்பையைக் கையில் பிடித்தபடி இருந்தேன். ஆறிக்கொண்டிருந்தது. ஆறட்டும், நான் இன்னும் குடித்து முடிக்கவில்லை.